கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது?

‘மனு பரிசீலனையில் உள்ளது.’ இந்த ஒற்றை வரிப் பதிலை வாங்காத குடும்பம் நம் குடியிருப்புகளில் அநேகமாக இல்லை. சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, வீட்டுமனைப் பட்டா, நூறு நாள் வேலைக் கூலி, வன்கொடுமை வழக்கின் நிவாரணம் என்று எதற்காக அலைந்தாலும் கடைசியில் இந்த வரியில் வந்துதான் நிற்கிறோம். யாருடைய பரிசீலனையில், எத்தனை நாளாக என்று மேற்கொண்டு கேட்டால், ‘மேலிடத்தில் இருக்கிறது’ என்பார்கள். அந்த மேலிடத்துக்கு முகவரி கிடையாது.

ஆனால் அரசு அலுவலகத்தில் ஒரு தாள் நகரும்போதெல்லாம் ஒரு தேதி விழுகிறது. தபால் பிரிவில் முத்திரை. பிரிவு உதவியாளரின் தன்பதிவேட்டில் எண், வந்த நாள், மேலே வைத்த நாள், திரும்பி வந்த நாள், முடித்த நாள். இன்று அந்தப் பதிவேட்டின் வேலையைப் பல இடங்களில் கணினி செய்கிறது. யார், எந்த நாள், எத்தனை மணிக்குப் பொத்தானை அழுத்தினார் என்பது வரை அதில் பதிந்துவிடுகிறது. இந்தத் தேதிகளை ஒன்றாகச் சேர்த்துப் படித்தால் கோப்பு நடந்த பாதை அப்படியே தெரியும். பெரிய நிறுவனங்கள் இதை ஒரு தனித்துறையாகவே வளர்த்து வைத்திருக்கின்றன. ‘பிராசஸ் மைனிங்’ என்று பெயர். நடைமுறை அகழாய்வு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கீழடியில் மண்ணைத் தோண்டிப் படிப்பதுபோல இங்கே தேதிகளைத் தோண்டிப் படிக்கிறார்கள்.

நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வில் வான் டெர் ஆல்ஸ்ட் 1990களின் இறுதியில் இந்த ஆய்வைத் தொடங்கினார். இதற்குத் தேவையானவை மூன்றே மூன்று தகவல்கள்: எந்த மனு, அதில் என்ன நடந்தது, எப்போது நடந்தது. உதவித்தொகைக்கு விண்ணப்பித்த ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். அவர் விண்ணப்பத்தைப் பதிவேற்றியது ஆகஸ்ட் 4, கல்லூரி சரிபார்த்தது அக்டோபர் 20, மாவட்ட அலுவலகம் ஒப்புதல் தந்தது நவம்பர் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மட்டும் பார்த்தால் அது அவருடைய தலைவிதிபோலத் தோன்றும். ஐந்நூறு மாணவர்களின் தேதிகளை அடுக்கிப் பார்த்து, எல்லோருக்கும் இதே கதைதான் என்றால், விண்ணப்பங்கள் மாவட்ட அலுவலகத்தில் அல்ல, கல்லூரி அலுவலக அறையில்தான் இரண்டரை மாதம் தூங்கின என்பது வெளிச்சமாகிவிடும். சட்டம் சொல்லும் வழி எது, கோப்பு உண்மையில் போன வழி எது, எங்கே திருப்பி அனுப்பினார்கள், எந்தப் படியைத் தாண்டிக் குதித்தார்கள் என்பதையெல்லாம் மென்பொருள் படமாகவே வரைந்து காட்டும். நெதர்லாந்தின் பொதுப்பணித் துறை அலுவலகம் ஒன்றில் ஒப்பந்ததாரர்களின் பில்கள் எப்படி மேசை மேசையாகப் போகின்றன என்று இவ்வகையில் ஆராய்ந்த கட்டுரை 2007இலேயே வந்துவிட்டது.

அங்கே ஒப்பந்ததாரரின் பில். இங்கே ஏரி தூர்வாரிய பெண்ணின் கூலி. இந்தியாவிலும் அப்படியொரு அகழாய்வு நடந்தது. ‘பிராசஸ் மைனிங்’ என்ற பெயரை அவர்கள் சூட்டிக்கொள்ளவில்லை, ஆனால் செய்தது அந்த வேலையைத்தான்.

ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் வந்தது. வருகைப்பதிவேடு முடிந்த 15 நாட்களுக்குள் கூலி கைக்கு வர வேண்டும் என்பது விதி. தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. கூலி வருகிற வழியில் இரண்டு கட்டங்கள் உண்டு. வேலை அளந்து, கூலிப் பட்டியல் போட்டு, ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு கையெழுத்து விழுந்து பண மாற்று ஆணை மேலே போவது முதல் கட்டம். அதற்குமேல் மத்திய அரசின் வழியாக வங்கிக் கணக்குக்குப் பணம் வந்து சேர்வது இரண்டாம் கட்டம். ராஜேந்திரன் நாராயணன், சகினா தோராஜிவாலா, ராஜேஷ் கோலானி ஆகிய மூன்று ஆய்வாளர்கள், 2016-17ஆம் ஆண்டின் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட கூலிப் பட்டுவாடாக்களின் தேதிகளை அரசின் இணையதளத்திலிருந்தே எடுத்துப் படித்தார்கள். உரிய காலத்தில் வந்த கூலி 21 சதவீதம்தான். அரசின் கணக்கோ வேறு மாதிரி இருந்தது. காரணம் எளிது: முதல் கட்டம் முடிந்ததுமே அரசு கடிகாரத்தை நிறுத்திவிட்டது. இரண்டாம் கட்டத்தில் பணம் எத்தனை நாள் முடங்கிக் கிடந்தாலும் அது தாமதக் கணக்கில் ஏறவில்லை. அதற்கு இழப்பீடும் இல்லை.

ஒன்றிய அலுவலகத்தின் வாசலில் போய்ச் சத்தம் போட்டுவந்த நம் தாய்மார்களுக்கு, தாமதத்தின் பெரும்பங்கு அந்த வாசலுக்கு வெகுதூரத்தில் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. தேதிகள்தான் சொல்லின. 2018 மே மாதம் ‘ஸ்வராஜ் அபியான்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை எடுத்துக்கொண்டு, இரண்டாம் கட்டத் தாமதத்துக்கும் இழப்பீடு தந்தாக வேண்டும், மத்திய அரசு பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று கூறியது.

மூன்றாண்டு கழித்து இன்னொரு விவகாரம். இதை நாம் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் பழி விழுந்தது நம் தெருவின் மேல். 2021-22 நிதியாண்டு முதல் பட்டியலினத்தவர், பழங்குடியினர், மற்றவர் எனக் கூலியை மூன்றாகப் பிரித்து அனுப்புமாறு மத்திய ஊரக வளர்ச்சித் துறை சொன்னது. ஒரே ஏரிக்கரையில், ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்தில் நின்று மண் அள்ளியவர்களுக்கு மூன்று தனித்தனி ஆணைகள். ஒரு பிரிவுக்குக் கூலி வந்தது, இன்னொரு பிரிவுக்கு வரவில்லை. ‘அவங்களுக்கு மட்டும் எப்படி முதல்ல வருது?’ என்ற கேள்வி எந்தத் திசையை நோக்கிப் பாயும் என்பது நம் கிராமங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஏற்கெனவே இருக்கிற கோட்டை டெல்லியின் ஒரு சுற்றறிக்கை இன்னும் ஆழமாகக் கிழித்துவிட்டது.

அப்போதும் தேதிகளைப் படித்தவர்கள் இருந்தார்கள். லிப்டெக் இந்தியா குழு பத்து மாநிலங்களின் 18 லட்சம் ஆணைகளை ஆராய்ந்தது. மத்திய அரசு தன் பங்கை முடிக்க வேண்டிய 7 நாட்களுக்குள் கூலி போய்ச் சேர்ந்தது பட்டியலினத்தவருக்கு 46 சதவீதம், பழங்குடியினருக்கு 37, மற்றவர்களுக்கு 26. இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மற்றவர்களுக்குத் தாமதம் அதிகம் என்பது உண்மை. ஆனால் பட்டியலினத்தவரிலும் பாதிக்கு மேற்பட்ட கூலி காலம் தவறித்தான் வந்தது. யாரும் யாருடைய கூலியையும் பிடுங்கவில்லை. பணப்பெட்டி இருந்த இடத்தில்தான் கோளாறு. எதிர்ப்பு எழுந்த பிறகு அந்த முறை கைவிடப்பட்டது. கோப்பின் பாதை கண்ணுக்குத் தெரியாதபோது பழி பக்கத்துத் தெருவின் மேல் விழுகிறது என்பதை அந்த ஆறேழு மாதங்களில் கண்டோம். அன்று டீக்கடையில் பேசப்பட்ட பேச்சுக்கு மறுப்பாக அந்த எண்களைக் கொண்டுபோய் வைத்தவர்கள் மிகச் சிலர். அந்த வருத்தம் நமக்கு இன்றும் உண்டு.

தேதியும் நேரமும் பதிவதே நமக்குப் புதிதல்ல என்று சிலர் சொல்லலாம். சரிதான். 2023 ஜனவரியிலிருந்து நூறு நாள் வேலைத்தளத்தில் நாளுக்கு இரண்டு முறை செயலியில் படம் எடுத்துத்தான் வருகை போட வேண்டும் என்றார்கள். சிக்னல் இல்லையென்றால் வேலை செய்த நாளே இல்லை. நாக்பூர், சண்டிகர் போன்ற நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கட்டி, அவர்கள் நிற்பதையும் நடப்பதையும் கண்காணித்தார்கள். துடைப்பம் பிடிக்கும் கைக்கு நிமிடக் கணக்கு இருக்கிறது. கையெழுத்துப் போடும் கைக்கு மாதக் கணக்குகூட இல்லை. நாம் கேட்பது கடிகாரத்தை மேசைப் பக்கம் திருப்பச் சொல்லித்தான்.

அப்படித் திருப்பினால் முதலில் பார்க்க வேண்டியது வன்கொடுமைத் தடுப்பு வழக்குகளை. இந்தச் சட்டத்திலும் விதிகளிலும் கடிகாரங்கள் ஏராளம். விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 60 நாட்கள். உடனடி நிவாரணத்துக்கு 7 நாட்கள். குற்றப்பத்திரிகை வந்தபின் கூடுமானவரை இரண்டு மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும். நிவாரணத் தொகையும் கட்டம் கட்டமாகத்தான் வரும்: எஃப்ஐஆர் பதிவானதும் ஒரு பங்கு, குற்றப்பத்திரிகையோடு அடுத்தது, மீதி தீர்ப்பின்போது. ஆகவே ஒரு தேதி தள்ளிப்போனால் அதற்குப் பின்னால் வருகிற எல்லாம் தள்ளிப்போகும். தீ வைக்கப்பட்ட குடிசைக்கு அடுத்த மழைக்குள் கூரை வேய முடியுமா என்பதை அந்தத் தேதிதான் தீர்மானிக்கிறது.

இந்த இடத்தில் அகழாய்வின் குறையையும் சொல்லிவிட வேண்டும். பதிவில் இருப்பதை மட்டுமே அது படிக்கும். எண் விழாத புகார் அதன் கண்ணில் படாது. காவல் நிலையத்துக்குப் போனால் எஃப்ஐஆருக்குப் பதில் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து, ‘விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்’ என்று அனுப்பிவைக்கும் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். அந்த ரசீதோடு வீடு திரும்பும்போது 60 நாள் கடிகாரமும் ஓடவில்லை, 7 நாள் கடிகாரமும் ஓடவில்லை. மாதக் கடைசியில் மாவட்டத்தின் புள்ளிவிவரம் பளிச்சென்று இருக்கும். இந்தச் சட்டத்தின்கீழ் எஃப்ஐஆருக்கு முன்பு பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. புகாரைப் பதியாமல் விடுவது 4ஆம் பிரிவின்படி, பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ அல்லாத அரசு ஊழியருக்குத் தண்டனைக்குரிய கடமை தவறலே. நூறு நாள் வேலையிலும் இதே தந்திரம்தான். வேலை கேட்டு எழுதிக் கொடுத்தால் தேதியிட்ட ரசீது தர வேண்டும், 15 நாளில் வேலை இல்லையென்றால் படி தர வேண்டும் என்றது சட்டம். ரசீதைத் தராமல் விட்டால் படியைப் பற்றிய பேச்சே எழாது.

எனவே சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிய நாளையும் எஃப்ஐஆர் பதிவான நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதும் வேலை ஊரில்தான் தொடங்க வேண்டும். அரசின் கணினி அதைத் தானாகச் செய்யப்போவதில்லை. ரசீதை மடித்து டிரங்குப் பெட்டியில் வைப்பதற்கு முன்னால், வீட்டில் படிக்கிற பிள்ளை கைப்பேசியில் அதைப் படம் பிடித்து, ஒரு நோட்டில் நாளைக் குறித்து வைக்கட்டும்.

நம் அரசுக் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் புராஜெக்ட் செய்கிறார்கள். பெரும்பாலும் நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை என்று பழைய தலைப்பையே மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ஐந்தோவனில் உருவான ‘ப்ரோம்’ மென்பொருள் இலவசம். தங்கள் ஒன்றியத்தின் கூலித் தேதிகளையோ, தங்கள் விடுதி மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பத் தேதிகளையோ சேகரித்தால் ஒரு நல்ல புராஜெக்ட் அதிலேயே இருக்கிறது. பெயரும் ஊரும் வெளியே வராமல் எண்களாக மாற்றிக்கொள்ள வேண்டும், குறிப்பாக வன்கொடுமை வழக்குகளில். இணையத்தில் கிடைக்காத தேதிகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். பதில் தர 30 நாள் அவகாசம். கோப்பையும் பதிவேட்டையும் நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது, அந்த உரிமையைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு.

கிடைத்த படத்தை வைத்துக்கொண்டு ஒரு எழுத்தரின் மேல் பாய்ந்துவிடக் கூடாது. மூன்று பேர் பார்க்க வேண்டிய இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் மேசையில்தான் கோப்பு குவியும். அந்த ஒருவர் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருப்பார். இடம் காலியாகக் கிடப்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் இன்னும் மேலே இருக்கிறார்.

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது விதி. ‘இத்தனை வழக்குகள் பதிவு, இத்தனை லட்சம் நிவாரணம்’ என்று கூட்டத்தில் மொத்தக் கணக்கு வாசிக்கப்படுவதோடு நிற்கக் கூடாது. ஒவ்வொரு வழக்குக்கும் ஐந்து தேதிகள் கேட்கிறோம்: புகார் கொடுத்த நாள், எஃப்ஐஆர் பதிவான நாள், முதல் நிவாரணம் கணக்கில் ஏறிய நாள், குற்றப்பத்திரிகை தாக்கலான நாள், விசாரணை தொடங்கிய நாள். ஒரு தாளில் அடங்கிவிடும் பட்டியல் இது. குழுவில் இருக்கும் அலுவல்சாரா உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்பே இதை எழுத்தில் கேட்டு, கேட்டதற்கான ஒப்புதலைத் தேதியோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.