மங்களம் பாடாத கூத்து

நமது கிராமங்களில் நடக்கும் கூத்து எத்தனை நீளமானதாக இருந்தாலும் அதற்கு ஒரு முடிவு உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் கட்டியக்காரன் வந்து கதையைத் தொடங்கி வைப்பான். துரியோதனன் தொடையைத் தட்டி வீரம் பேசுவான். துச்சாதனன் சபையே நடுங்கும்படி கர்ஜிப்பான். கிழக்கு வெளுக்கும் சமயத்தில் மங்களம் பாடிவிடுவார்கள். ராஜா வேஷம் போட்டவர் கிரீடத்தைக் கழற்றி வைத்து, முகத்து அரிதாரத்தை எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, கழனி வேலைக்குப் போய்விடுவார். பார்த்தவர்களும் பாயைச் சுருட்டிக் கொண்டு வீடு திரும்புவார்கள்.

மங்களம் என்பதே இல்லாத கூத்து ஒன்று இப்போது உலகமெங்கும் நடந்து வருகிறது. அதில் சபையோர் கிடையாது. வந்தவர் அனைவரும் வேஷக்காரர்கள். ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வில்லாளி, இன்னொருவர் காயம்பட்டவர்களைக் குணப்படுத்தும் வைத்தியர். ஆயிரக்கணக்கானவர்கள் தத்தம் வீட்டில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தபடியே ஒரே மாயலோகத்தில் கூடி, காடுகளில் திரிகிறார்கள், ராக்ஷஸர்களைக் கொல்கிறார்கள், சந்தையில் பேரம் பேசுகிறார்கள். இதற்கு மாதாமாதம் சந்தாவும் கட்டுகிறார்கள். வீட்டில் ஒரு பிள்ளையோ பெண்ணோ இந்த ஆட்டத்தில் இறங்கிவிட்டால், "இதோ, இன்னும் பத்தே நிமிஷம்!" என்ற பதிலை அந்த வீட்டார் மனப்பாடம் செய்துவிடலாம். அந்தப் பத்து நிமிஷம் எந்தப் பஞ்சாங்கத்துக்கும் கட்டுப்பட்டதல்ல.

இதைப் 'பைத்தியக்காரத்தனம்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. 'வெறும் பொழுதுபோக்குத்தானே!' என்று சிரித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இரு சாராரும் விஷயத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

இந்த மாயலோகங்களின் மூதாதை 1978-ம் வருஷத்தில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையில் பிறந்தது. ராய் ட்ரப்ஷா, ரிச்சர்டு பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் அதைச் சிருஷ்டித்தார்கள். 'மட்' என்று அதற்குப் பெயர். அதில் படம் கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். 'வடக்கே போ', 'வாளை எடு' என்று எழுதினால், எதிரே என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எழுத்திலேயே பதில் சொல்லும். பிற்பாடு அமெரிக்காவில் இத்தகைய ஆட்டங்கள் வியாபாரமாயின. 1985-ல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தார் நடத்திய 'ஐலண்ட் ஆப் கெஸ்மாய்' என்ற ஆட்டத்துக்குத் தொலைபேசி இணைப்பின் வேகத்தைப் பொறுத்து மணிக்கு 6 டாலர் அல்லது 12 டாலர் கட்டணம். ஜட்காவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் அரட்டை அடிப்பதைப் போன்றது அது; கை கடிகாரத்தையே பார்த்துக் கொண்டிருக்கும். ஆட்டத்துக்கு முடிவில்லா விட்டாலும் ஆடுகிறவனுடைய மணிபர்ஸ் மங்களம் பாடிவிடும்.

1997-ல் 'அல்டிமா ஆன்லைன்' வந்தது. மாதம் 9 டாலர் 95 சென்ட். எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஆடலாம். 1999-ல் 'எவர்குவெஸ்ட்' வந்தது. 2004 நவம்பரில் 'வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்' வந்தது. அதற்கு அமெரிக்காவில் மாதச் சந்தா 14 டாலர் 99 சென்ட். 2010 அக்டோபரில் இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் 1 கோடியே 20 லக்ஷம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். (எல்லாரும் ஒரே விகிதத்தில் கட்டியவர்கள் அல்லர், சீனாவில் மணிக்கணக்கில் நேரத்தை விலைக்கு வாங்கி ஆடினார்கள்.) 2015-ல் அந்தத் தொகை 55 லக்ஷமாகக் குறைந்தது. அதற்குப் பிறகு சந்தாதாரர் கணக்கை வெளியிடுவதையே நிறுவனத்தார் நிறுத்திவிட்டனர்.

மணிக்கட்டணம் மாதச் சந்தாவாக மாறியது சிறிய மாறுதலாகத் தோன்றலாம். மெஸ்ஸில் மாதச் சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டியவரைப் பாருங்கள். ஒரு வேளை தவறினாலும் அவருக்கு மனசு கேட்பதில்லை. கொடுத்த காசு செரிக்க வேண்டாமா? மணிக்குக் காசு கொடுத்தவன் சீக்கிரம் எழுந்திருக்கக் காரணம் தேடினான். மாதத்துக்குக் காசு கொடுத்தவன் எழுந்திராமல் இருக்கக் காரணம் தேடுகிறான். நிறுவனத்தாருக்கோ அடுத்த மாதச் சந்தா வர வேண்டும். ஆகவே கதை முடியவே கூடாது. மங்களம் பாடாதது மறதியினால் ஏற்பட்டதல்ல; அந்த வியாபாரத்தின் அஸ்திவாரமே அதுதான்.

*

அப்படியானால் புத்தியுள்ளவர்கள் ஏன் போய்ச் சேருகிறார்கள்? காரணம் இல்லாமலா?

முதலாவது, அங்கே உழைப்புக்குக் கட்டாயம் பலன் உண்டு. வெளியுலகத்தில் பரீக்ஷையில் தேறியவனுக்கு உத்தியோகம் நிச்சயமில்லை. உத்தியோகத்தில் உழைத்தவனுக்கு உயர்வு நிச்சயமில்லை. மாயலோகத்தில் பத்து ஓநாய்களைக் கொன்று வா என்று ஒரு கிழவர் சொன்னால், கொன்றதும் சொன்ன கூலி கைக்கு வந்துவிடும். சிபார்சுக் கடிதம் வேண்டியதில்லை. இரண்டாவது, பெரிய அதிகாரியானாலும் சாதாரணக் குமாஸ்தாவானாலும் அங்கே முதற்படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஜாதி என்ன, வயசு என்ன, ஊர் எது என்று கேட்பாரில்லை.

எல்லாவற்றிலும் பெரிய காரணம் மனிதர்களே. 'மட்' ஆட்டத்தைச் சிருஷ்டித்த பார்ட்டில், 1996-ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆடுகிறவர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: படிப்படியாக ஏறிச் சாதிக்க விரும்புகிறவர்கள், புதிய இடங்களைத் தேடிப் பார்க்கிறவர்கள், பிறரோடு பேசிப் பழக வந்தவர்கள், பிறரை வதைப்பதிலே இன்பம் காண்கிறவர்கள். நமது ஊர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களையும் இப்படியே பிரித்துவிடலாம் போலிருக்கிறது! ஆனால் எந்த வகையினராய் வந்தாலும், வருஷக்கணக்கில் தங்குகிறவர்களைத் தங்கச் செய்வது பெரும்பாலும் அங்கே கிடைத்த கூட்டாளிகள்தான்.

நார்வே தேசத்தில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஓர் இளைஞர் இருந்தார். தசைகள் நாளுக்கு நாள் நலிந்து போகும் கொடிய நோய் அவருக்குப் பிறவியிலேயே இருந்தது. சிறு வயதிலேயே சக்கர நாற்காலி. கடைசிக் காலத்தில் விரல்களை மட்டும் சிறிது அசைக்க முடிந்தது. அவர் தம் நாட்களில் பெரும் பகுதியை 'வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்' ஆட்டத்திலே கழித்தார். நம் பிள்ளைக்கு ஒரு சினேகிதன் உண்டா, அன்பு செலுத்த ஓர் ஆள் உண்டா என்று பெற்றோர் ஏங்கினார்கள். 2014-ல், 25-வது வயதில், அவர் காலமானார். மகனுடைய இணையப் பக்கத்தில் தந்தை இச்செய்தியை அறிவித்தார். அதற்குப் பின் நடந்ததை அந்தப் பெற்றோர் கனவிலும் எதிர்பார்த்ததில்லை. பல தேசங்களிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. 'ஐபெலின்' என்ற வேஷத்தில் தங்கள் மகன் எத்தனை பேருக்கு ஆறுதல் சொன்னார், எத்தனை பேருடைய குடும்பக் கஷ்டங்களைக் காது கொடுத்துக் கேட்டார் என்பதெல்லாம் அப்போதுதான் அவர்களுக்குத் தெரிய வந்தது. கூட்டாளிகளில் சிலர் கடல் கடந்து வந்து சவ அடக்கத்தில் கலந்து கொண்டார்கள். இவருடைய கதை 2024-ல் செய்திப்படமாகவும் வெளிவந்தது. இதைக் கேட்ட பிறகு 'எல்லாம் வெறும் மாயை' என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

*

இனி, செலவுக் கணக்கைப் பார்ப்போம். பண விஷயம் சுலபமானது. 2004 முதல் 2024 வரை ஒருவர் இடைவிடாமல் அமெரிக்கச் சந்தாவைக் கட்டியிருந்தால் ஏறக்குறைய 3,600 டாலர் ஆகும். புதிய பாகங்கள் வெளிவரும்போது அவற்றின் விலை தனி. இது அற்பத் தொகையல்ல. ஆனால் இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்த தொகை. கை நீட்டிச் சந்தா கட்டச் சொல்கிறவனிடம் ஒருவித நேர்மை உண்டு என்றே சொல்லலாம்.

காசில்லாதவருக்கும் 2015-ல் நிறுவனத்தார் ஒரு வழி செய்தார்கள். வசதியுள்ளவர் 20 டாலர் கொடுத்து ஒரு சீட்டு வாங்கி, அதை மாயலோகச் சந்தையில் மாயப் பொன்னுக்கு விற்கலாம். அந்தப் பொன்னை உழைத்துச் சேர்த்தவர் சீட்டை வாங்கி, ஒரு மாதச் சந்தாவாகக் கழித்துக் கொள்ளலாம். அதாவது, ஆடுவதற்காக உழைத்து, உழைப்பதற்காக ஆடலாம்! இந்தச் சீட்டில் நிறுவனத்தாருக்கு நஷ்டமில்லை. சந்தா 15 டாலர், சீட்டு 20 டாலர்.

காலத்தின் கணக்குத்தான் கனமானது. தினம் மூன்று மணி நேரம் ஆடுகிறவர் வருஷத்தில் 1,095 மணி நேரம் ஆடுகிறார். இரவு பகலாக எண்ணினால் 45 நாட்களுக்கு மேல். விழித்திருக்கும் நேரத்தை மட்டும் எண்ணினால் இரண்டு மாதத்துக்கு மேல். இவ்வளவு உழைத்துச் சேர்த்த கவசமும் வாளும் நிலைக்குமா என்றால் அதுவும் இல்லை. 2007 ஜனவரியில் வார்கிராப்டின் முதல் புதிய பாகம் வந்தது. 60 என்றிருந்த உச்சப்படி 70 ஆயிற்று. மாதக்கணக்கில் பாடுபட்டு வென்ற ஆயுதங்களை விட, புதிய தேசத்தில் சாதாரண வேலைகளுக்குக் கூலியாகக் கிடைத்தவை பல சமயம் மேலாக இருந்தன. மறுபடியும் முதலிலிருந்து உழைக்க வேண்டியதுதான்.

இவற்றைக் காட்டிலும் கடினமான செலவு இன்னொன்று. ஆரம்ப காலத்தில் வார்கிராப்டின் பெரிய படையெடுப்புகளுக்கு 40 பேர் ஒருங்கே கூட வேண்டியிருந்தது. அடி தாங்குகிறவர், அடிக்கிறவர், குணப்படுத்துகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு. இந்த ஆட்டத்தைச் சதுரங்கம்போல் நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. சமையலறையிலிருந்து அம்மா கூப்பிட்டதும் வைத்தியர் எழுந்து போனால் மற்றவர்கள் மாண்டு போவார்கள். பிள்ளை எழுந்து வராததற்குக் காரணம் எப்போதும் பிடிவாதந்தான் என்று எண்ண வேண்டாம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக் கொண்டிருக்கலாம். எந்த அன்பு மாட்ஸ் ஸ்டீனின் தனிமையைப் போக்கியதோ, அதே அன்புதான் கயிறாகி இன்னொருவரை நாற்காலியோடு கட்டிப் போடுகிறது. இந்த ஆட்டங்களின் பெருமையையும் அபாயத்தையும் தனித்தனியே பிரிக்க முடியாததற்குக் காரணம் இதுவே.

ஆட்டத்தின்மீது கட்டுப்பாடு இழந்து, மற்றெல்லாக் காரியங்களையும் பின்னே தள்ளி, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் விடமுடியாமல் போகும் நிலையை உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் நோய்களின் ஜாபிதாவில் சேர்த்தது. 2022 முதல் அது அமுலில் இருக்கிறது. இத்தகைய நடத்தை சாதாரணமாக ஒரு வருஷமாவது நீடித்திருக்க வேண்டும் என்பதும், ஆடுகிறவர்களில் ஒரு சிறு பகுதியினரே இதற்கு ஆளாகிறார்கள் என்பதும் அந்த ஸ்தாபனமே சொல்வது. ஆகவே, பிள்ளை இரண்டு ராத்திரி கண் விழித்தான் என்பதற்காக வைத்தியரிடம் ஓட வேண்டியதில்லை. சாப்பாடு, தூக்கம், படிப்பு, வேலை எல்லாம் மாதக்கணக்கில் நழுவினால் சும்மா இருக்கவும் கூடாது.

சர்க்கார்கள் சட்டம் போட்டும் பார்த்தன. தென்கொரியாவில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய ஆட்டங்கள் ஆடக்கூடாதென்று 2011-ல் தடை வந்தது. பெரியவர்களுடைய அடையாள எண்ணைக் காட்டி உள்ளே புகுந்த பிள்ளைகளும் உண்டு. பத்து வருஷங்களுக்குப் பின் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

நிறுவனத்தார் மட்டும் நினைத்தபோது மங்களம் பாடிவிடுகிறார்கள். 'ஸ்டார் வார்ஸ் காலக்ஸீஸ்' 2011 டிசம்பர் 15-ந் தேதியும், 'சிட்டி ஆப் ஹீரோஸ்' 2012 நவம்பர் 30-ந் தேதியும் மூடப்பட்டன. 2023 ஜனவரியில், இரண்டு நிறுவனங்களுக்குள் ஒப்பந்தம் முறிந்ததால், சீனாவில் வார்கிராப்ட் நின்றுபோயிற்று. 2024-ல்தான் திரும்ப வந்தது. எத்தனை வருஷம் சந்தா கட்டினாலும் நாம் அங்கே குடக்கூலிக்கு இருப்பவர்களே. வீட்டுக்காரர் சாவியை வாங்கிக் கொண்டால் கேள்வி முறை கிடையாது.

*

வார்கிராப்டிலேயே ஒரு விதி இருக்கிறது. ஆட்டத்தை விட்டு விலகி, தமது வேஷத்தைச் சத்திரத்தில் படுக்கப் போட்டுவிட்டுச் சென்றவர் திரும்பி வந்ததும், ராக்ஷஸர்களைக் கொல்வதால் கிடைக்கும் அநுபவப் புள்ளி சிறிது காலத்துக்கு இரட்டிப்பாகிறது. ஓய்வெடுத்தவனுக்கே வெகுமதி என்று அந்த மாயலோகமே ஒப்புக் கொள்ளும்போது, அதை நாம் ஏன் பயன்படுத்திக் கொள்ளக் கூடாது? சந்தா கட்டும் நேயர்கள், பொழுது விடிய விடாமல், இத்தனை மணிக்கு முடிப்பேன் என்று கூட்டாளிகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டு இறங்கலாம். அந்த முப்பத்தொன்பது பேருக்குக் காட்டும் மரியாதையில் ஒரு பங்கை, இலை போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் காட்டலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. படையெடுப்பு நடக்கும்போது மின்சாரத்தை நிறுத்துவது வீரமாகாது. சாயங்காலமே, "இன்றைக்கு எப்போது முடியும்? உன்னோடு யார் யார் வருகிறார்கள்?" என்று கேளுங்கள். பிள்ளையின் சினேகிதர்களைப் பற்றி அந்த நார்வே நாட்டுப் பெற்றோர் அவன் போன பிறகே தெரிந்து கொண்டார்கள். நாம் நாளைக்கு இரவுச் சாப்பாட்டின்போதே தெரிந்து கொள்ளலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: பதிலை முழுவதும் கேட்பதற்குத் தயாராக இருங்கள். அது பத்து நிமிஷத்தில் முடியாது.