பசுவுக்கும் வம்சாவளி வேண்டும்

இரத்த விகிதம் பார்த்தே கலப்பினப் பசுக்களைப் பதிய வேண்டுமென்பது நல்ல கொள்கையே. ராணுவப் பண்ணைகளில் உருவான ஃப்ரீஸ்வால் பசுவுக்கு ஹோல்ஸ்டீன் இரத்தம் நூற்றுக்கு 62.5, சாஹிவால் 37.5 என விதித்தனர். பேரேடு இருந்தமையால் அவ்விதி செல்லுபடியாயிற்று. சேத்துப்பட்டுக் குடியானவரிடம் பேரேடு ஏது? நாட்டுப் பசுவுக்கு ஜெர்ஸி வித்திட்டால் கன்றுக்கு 50. அக்கன்றுக்கும் அதுவே இட்டால் 75. மறு தலைமுறையில் 87.5. அந்நிய இரத்தம் ஏற ஏற வெயில் தாங்கும் சக்தி குன்றும், நஷ்டம் ஏழைக்கே.

2019-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் பொலிகாளைகளைப் பதியச் சொல்கிறது. தாயின் விகிதம் தெரியாவிடில் அதனால் யாது பயன்? பசுவின் காதில் 12 இலக்க எண் தொங்குகிறது. சினையூட்டுந்தோறும் அவ்வெண்ணின் கீழ்க் காளையின் எண்ணையும் கன்றின் விகிதத்தையும் பதிந்து, நகலைக் குடியானவர் கையில் கொடுப்பதே சர்க்காரின் முதற் கடமை என்பது நமது அபிப்பிராயம். கணக்குக் கொடாமல் விகிதம் கேட்பது நியாயமாகாது.