ஆளே பிழை என்று யார் சொன்னது?

எங்கட பக்கத்தில் யாராவது கொஞ்சம் கூடக் கோபப்பட்டாலோ அழுதாலோ "இத அங்கொடைக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிச் சிரிப்பது வழக்கம். கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, மட்டக்குளி எங்கும் இதே பகிடிதான். அங்கொடையில் இருப்பது தேசிய மனநல நிறுவகம். பஸ்ஸில் போய் இறங்கக்கூடிய தூரம்தான். ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டதும் தொண்டை அடைக்கிறது. நாங்களும் இந்தப் பகிடியை விட்டவர்கள்தான், அதை மறைக்கத் தேவையில்லை.

எங்கள் குழுவில் ஒருத்திக்குப் போன வருசம் ஒரு தனியார் கிளினிக்கில் 'போடர்லைன் பெர்சனாலிட்டி டிசோடர்' என்று துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். பத்து நிமிசம்கூடக் கதைக்கவில்லை. "இது மாறாது, சமாளிச்சுக் கொள்ளணும்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "அப்ப என்ட பிள்ள ஆளே பிழையா?" (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறோம்.)

அம்மாவைக் குறை சொல்ல ஏலாது. பெயரே அப்படித்தான் இருக்கிறது. தமிழில் 'எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு' என்கிறார்கள். எந்த எல்லை? 1938இல் அடொல்ஃப் ஸ்டெர்ன் என்ற உளப்பகுப்பாய்வாளர், சாதாரண மனப் பதற்றத்திலும் சேராத, சித்தப்பிரமையிலும் சேராத நோயாளிகளைப் பற்றி எழுதும்போது பிடித்த சொல் அது. அந்தக் கோட்பாடு பழசாகிப் போனாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. உள்ளே இருப்பது வேறு: யாரும் விட்டுப் போய்விடுவார்களோ என்ற தாங்க முடியாத பயம், ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே ஏறி இறங்கும் உணர்ச்சி, 'நான் யார்' என்பதே பிடிபடாத வெறுமை, சிலரில் தன்னையே காயப்படுத்திக்கொள்வது.

'மாறாது' என்பதுதான் பெரிய பிழை. பொஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள மக்லீன் மருத்துவமனையில் மேரி சனாரினியின் குழு 290 பேரைப் பல வருசமாகப் பின்தொடர்ந்தது. பத்து வருசத்துக்குள் 93 வீதமானோருக்குக் குறைந்தது இரண்டு வருசமாவது அந்த நோயின் அளவுகோல் பொருந்தாத நிலை வந்தது. அதோடு வேலை, உறவுகள் எல்லாம் சரிவர அமைந்தவர்கள் பாதிப் பேர்தான். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில்தான் டி.பி.டி. வருகிறது. தமிழில் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை. இயங்கியல் என்றதும் எங்கள் குழுவில் பாதிப் பேர் மார்க்ஸைத் தேடினார்கள், அவர் இதில் இல்லை. 'நீ இப்ப இருக்கிற மாதிரியே சரி', 'ஆனா நீ மாறத்தான் வேணும்' என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்வதுதான் இங்கே இயங்கியல். உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான். பதினேழு வயதில் அவரே ஒரு மனநல மருத்துவமனையில் இரண்டு வருசத்துக்கு மேல் அடைபட்டிருந்தவர். அதை 2011இல்தான் வெளியில் சொன்னார்.

சரி, வேலை செய்யுதா? செய்கிறது, ஆனால் விளம்பரங்கள் சொல்கிற மாதிரி இல்லை. 1991இல் லினஹான் வெளியிட்ட முதல் பரிசோதனையில் 44 பெண்கள். ஒரு வருசத்தில் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது, ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் குறைந்தன, சிகிச்சையை இடையில் விட்டவர்களும் குறைவு. ஆனால் மனச்சோர்விலும் நம்பிக்கையின்மையிலும் மற்றக் குழுவைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது ஆளை உயிரோடு வைத்திருந்தது, சந்தோசமாக்கிவிடவில்லை. எங்களுக்கு இது சின்ன விசயமாகத் தெரியவில்லை.

2009இல் டொரொன்டோவில் 180 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு டி.பி.டி., மறு பாதிக்கு ஒழுங்காகத் திட்டமிட்ட பொதுவான மனநலச் சிகிச்சை. இரு பக்கமும் நன்றாகத் தேறினார்கள், குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. 2020இல் வந்த கொக்ரேன் மீளாய்வு 75 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, பலன் உண்டு, ஆனால் மிதமானது, சான்றின் தரம் இன்னும் போதாது என்றது. டி.பி.டி. என்ற எழுத்துகளுக்காகக் கடன் வாங்கி ஓடத் தேவையில்லை என்று நாங்கள் நினைப்பது இதனால்தான். ஒரே ஆள், ஒரே நேரம், கிழமைக்குக் கிழமை கைவிடாமல் பார்ப்பது: பாதி மருந்து அதில் இருக்கிறது.

மறு பாதி, பழகக்கூடிய திறன்கள். 2015இல் லினஹானின் குழு 99 பெண்களோடு சிகிச்சையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தபோது, திறன் வகுப்பு இருந்த இடங்களில்தான் காயப்படுத்திக்கொள்வது கூடுதலாகக் குறைந்தது. வகுப்பில் நான்கு பகுதி: கவனத்தை இந்தக் கணத்தில் வைப்பது, தாங்க முடியாத நேரத்தை இன்னும் மோசமாக்காமல் கடப்பது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் வேண்டியதைக் கேட்பது. ஒரு சுற்று முடிய 24 கிழமை.

முதலாவது பகுதியை லினஹான் ஸென் பௌத்தத்திலிருந்து எடுத்தார். அது இப்போது பௌத்தர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டுக்கு 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று ஆங்கிலப் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது. எங்கட ஆட்களுக்கு ஆங்கிலம்தான் கட்டணத்துக்கு முதலே நிற்கிற கேட். "எனக்கு விசராகுது", "நெஞ்சு பதறுது" என்று சொல்பவளை, அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல் என்றால் அவள் என்னத்தைச் சொல்லுவாள்?

இன்னொன்று, வீடு. கையேடுகள் அமைதியான அறைக்குப் போகச் சொல்கின்றன. எங்கட தோட்டங்களில் ஒரு அறைக்குள் ஆறு பேர். கதவை மூடினால் "என்ன செய்யுறாய் உள்ள?" என்று கேள்வி வரும். எங்கள் தோழி கண்டுபிடித்த அமைதியான இடம் பொதுக் குழாயடி, அதுவும் இரவு பதினொரு மணிக்குப் பிறகு.

இந்த நாடு இதைவிடக் கஷ்டமானதைச் செய்திருக்கிறது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் உலகத்திலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று, ஒரு லட்சம் பேருக்குக் கிட்டத்தட்ட 47. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அது மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட இறங்கியது. ஆட்களின் 'ஆளுமை' மாறியதால் அல்ல, அந்தப் பொல்லாத நேரத்தில் ஆபத்தானது கைக்கு எட்டாமல் போனதால். அந்த நேரத்தைக் கடக்கப் பழக்குவதுதான் திறன் வகுப்பின் வேலையும்.

அதனால் நாங்கள் கேட்பது பெரிய ஆஸ்பத்திரி இல்லை. அரசாங்க கிளினிக்குகளில் தமிழில் ஒரு திறன் வகுப்பு. கொழும்பு 13, 14க்கு ஒன்று இருந்தால் போதும். பயிற்சி பெற்ற இரண்டு பேர், ஒரு மண்டபம், கிழமைக்கு இரண்டரை மணித்தியாலம். கோயில், பள்ளிவாசல், சர்ச் மண்டபம் எது என்றாலும் சரி, வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஏற்ற மாதிரி பின்னேரம் நடக்கட்டும். அதுவரைக்கும், இப்பவே தாங்க முடியாமல் இருக்கிறவர்களுக்கு மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926 இருக்கிறது, இரவிலும் எடுக்கலாம்.

எங்கள் தோழி இப்போது அரசாங்க கிளினிக் ஒன்றுக்குப் போகிறாள். அங்கே ஒரு மிஸ், முகத்தில் நல்ல குளிர்ந்த தண்ணீர் பட்டால் இதயத் துடிப்பு மெதுவாகும், முதல் அலை இறங்கும் என்று தமிழில் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் பிரிட்ஜ் இல்லை. முடக்குக் கடை மாமாவிடம் ஐஸ் கேட்டுப் போவாள். ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, பையில் போட்டுக் கொடுத்துவிட்டு "மகள், கை விறைக்கும், துணியில சுத்திக் கொண்டு போ" என்பாராம்.