ஆவிதானே என்று விடலாமா?

இடியப்பப் பானையின் மூடியைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்தால், "ஆவிதானே" என்று பலர் விட்டுவிடுவதுண்டு. கொதிநீரும் அதிலிருந்து எழும் ஆவியும் ஒரே வெப்பநிலையில், ஏறக்குறைய 100 பாகை செல்சியசில்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டும் தரும் வெப்பம் ஒன்றல்ல.

ஒரு கிராம் கொதிநீர் நம் உடலின் 37 பாகைக்கு ஆறும்போது 63 கலோரி வெப்பத்தை விடுகிறது. ஒரு கிராம் ஆவியோ தோலில் பட்டு நீராக மாறும்போதே சுமார் 540 கலோரியைக் கொடுத்துவிடும். அந்த நீர் ஆறும்போது இன்னும் 63. ஆக, ஏறக்குறைய பத்து மடங்கு!

நீரை ஆவியாக்க அடுப்புச் செலவழித்த வெப்பமே இப்படித் திரும்பி வருகிறது. வெப்பமானியில் தெரியாமல் ஒளிந்திருப்பதால் இதற்கு 'மறை வெப்பம்' என்று பெயர். 1760களில் இதை விளக்கியவர் ஸ்கொட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக்.

எனவே மூடியின் மறுபக்க விளிம்பை முதலில் உயர்த்துங்கள். ஆவி அப்பால் போய்விடும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். சுட்டுவிட்டால் பற்பசையோ வெண்ணெயோ பூச வேண்டாம். உடனே குளிர்ந்த குழாய் நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். முகத்தில் பட்டாலோ பெரிதாகக் கொப்புளித்தாலோ தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.