இரண்டாவது செவ்வாயும் அமாவாசையும்

2017 மே 12, வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்குப் பிளஸ் டூ முடிவு வந்தது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர்களின் பெயரை அறிவிக்கும் வழக்கத்தை அரசு கைவிட்ட முதல் ஆண்டு அது. தமிழ்நாட்டில் எந்தச் சிற்றூரில் பிரௌசிங் சென்டர் இருந்தாலும் அன்று காலை அதன் வாசலில் செருப்பு குவிந்திருக்கும். பிள்ளைகள் பதிவெண்ணைச் சொல்லச் சொல்ல, கடைக்காரர் தட்டிக்கொண்டே இருந்திருப்பார். அதே நாள் பிற்பகலில்தான் வான்னாக்ரை உலகத்தின் கணினிகளுக்குள் புகத் தொடங்கியது.

அதை வைரஸ் என்றுதான் பலரும் சொன்னார்கள். ஆனால் மின்னஞ்சலில் வந்த எதையோ ஒருவர் அவசரப்பட்டுத் திறந்தால்தான் உள்ளே வரும் என்ற கட்டுப்பாடு அதற்கு இல்லை. கணினி நெட்வொர்க்கில் இருந்தால் போதும். முன்னால் ஆள் இருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள எஸ்.எம்.பி. என்று ஒரு வசதி உண்டு. அதில் இருந்த ஓட்டை வழியாக அது பக்கத்துக் கணினிக்கும், இணையத்தில் எதிர்ப்பட்ட கணினிக்கும் தானாகத் தாவியது. போன இடத்தில் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, சிவப்புத் திரையில் 300 டாலர் கேட்டது. பிட்காயினில் கட்ட வேண்டும். மூன்று நாள் போனால் 600. ஏழு நாள் போனால் கோப்புகளை மறந்துவிடலாம்.

சில நாள்களுக்குள் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் சிக்கின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தவர்களில் 19,000 பேருக்கு மேல் அது ரத்தாகியிருக்கும் என்று அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் பிறகு மதிப்பிட்டது. நம் பக்கத்தில் ஒரகடம் ரெனோ-நிசான் ஆலை, ஆந்திரக் காவல்துறை, பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகம் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. திருமலை திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கணினிகளும் தப்பவில்லை. தரிசன ஏற்பாடுகளுக்குப் பாதிப்பில்லை என்று சொன்னார்கள். என் மனத்தில் தங்கியது வயநாட்டில் இருக்கும் தரியோடு கிராமப் பஞ்சாயத்து. திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்து கணினியைப் போட்டால் டாலர் கேட்கிறது. பிறப்புச் சான்றுக்கும் வீட்டு வரிக்கும் மக்கள் வந்து நிற்கிற இடம் அது.

மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது பிரிட்டன் இளைஞர் அந்த நிரலைப் பிரித்துப் பார்த்தார். பரவுவதற்கு முன் ஓர் இணைய முகவரி உயிரோடு இருக்கிறதா என்று அது கேட்பதைக் கவனித்தார். யாரும் வாங்காமல் கிடந்த அந்த முகவரியைப் பத்துச் சொச்சம் டாலருக்குத் தன் பெயரில் பதிந்ததும் பரவல் அடங்கியது. அந்தத் தற்செயல் நேராமல் இருந்தால் தரியோட்டுக்கு நேர்ந்தது தமிழ்நாட்டின் எத்தனை ஊராட்சிகளுக்கு நேர்ந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இந்தக் கதையில் எனக்கு ஆறாத விஷயம் ஒரு தேதி. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. தாக்குதலுக்கு முன் 59 நாள் இருந்தது. அதற்குள் எங்கள் ஊரான மேல்மலையனூரில் இரண்டு அமாவாசை வந்து போயிருந்தன. இடையில், ஏப்ரல் 14 அன்று, ஷேடோ புரோக்கர்ஸ் என்ற கும்பல் அந்த ஓட்டை வழியாக நுழையும் கருவியை ஊரறியப் போட்டு உடைத்தது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை தனக்கென்று வைத்திருந்த கருவி அது என்பதே பரவலான முடிவு. அதற்குப் பிறகும் நான்கு வாரம் அவகாசம் இருந்தது.

பழைய விண்டோஸ் எக்ஸ்பியை வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள் என்று அப்போது ஒரு பேச்சு அடிபட்டது. 2014-இலேயே கைவிட்ட எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தாக்குதலுக்குப் பிறகு அவசரமாக அப்டேட் கொடுத்ததால் அந்த எண்ணம் இன்னும் வலுப்பட்டது. காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கணக்குப் பார்த்தபோது வேறு தெரிந்தது: சிக்கியவற்றில் 98 சதவீதம் விண்டோஸ் 7. அப்டேட் கிடைத்துக்கொண்டிருந்த, போட்டிருந்தால் தப்பித்திருக்கக்கூடிய கணினிகள்.

அப்டேட் வெளிவந்ததுமே ஆபத்து குறையத் தொடங்குகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். போட்டவருக்குக் குறைகிறது. போடாதவருக்குக் கூடுகிறது. ஒரு விண்டோஸ் கோப்பின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எந்த வரி மாறியிருக்கிறது, ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்தவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அப்டேட் வந்த மறுநாளே இதைச் செய்ய உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். இன்னும் மோசமானது, அப்டேட் வருவதற்கு முன்பே ஆட்கள் நுழையத் தொடங்கிவிட்ட ஓட்டை. அந்த மாதிரி அறிவிப்பு வந்தால் வாரக் கணக்கில் யோசிக்க இடமில்லை. அன்றிரவே போட வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இந்த அப்டேட்டுகளை வெளியிடுகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால் நமக்குப் பருவத்தைப் பொறுத்து இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. மேல்மலையனூருக்கும் மாதம் ஒருநாள் உண்டு. அமாவாசை இரவு அங்காள பரமேசுவரிக்கு ஊஞ்சல் உற்சவம். சென்னை, வேலூர், புதுச்சேரி என்று எல்லாத் திசையிலிருந்தும் பஸ் வரும். செஞ்சியிலிருந்து வளத்தி வழியாக வரும் சாலையில் வண்டி ஊர்ந்துதான் போகும். அன்று போனில் ஒரு படம் அனுப்பவே திணற வேண்டியிருக்கிறது; ஒரு ஜிபி அப்டேட்டை இறக்குவது நடக்காத காரியம். அமாவாசைக்கு மறுநாள் ஊர் ஓய்ந்துவிடும். கடைகளில் ஆள் இருக்காது, நெட் இருக்கும். மாதாந்திர அப்டேட்டுக்கு அதைவிட நல்ல நாள் இந்த ஊரில் கிடையாது.

இதை இங்கே கணினி வைத்து ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் பார்க்கிற ஒரு தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணா, இந்த சிஸ்டத்துல அப்டேட்டை ஆஃப் பண்ணிதான் கொடுத்தாங்க. ஆன் பண்ணா ஆக்டிவேஷன் கேக்கும், ஸ்கிரீன் கருப்பாயிடும்னு சொன்னாங்க. வேற ஏதாவதுன்னா ஃபார்மேட் அடிச்சுக்கலாம்னாங்க."

அவர் சொன்னதில் இந்தப் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. கிராக் போட்ட விண்டோஸ், அதை மறைக்க நிறுத்திவைத்த அப்டேட், கெட்டுப்போனால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடும் பழக்கம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரிஜினல் விண்டோஸ் வாங்க ஆயிரக்கணக்கில் ஆகும். ஒரு விண்ணப்பத்துக்குக் கிடைப்பதோ சில பத்து ரூபாய். லினக்ஸ் போடலாமே என்றேன். சென்னையில் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இலவசம். அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்பிலேயே வந்தது. "கைரேகை வைக்கிற மிஷின் அதுல எடுக்க மாட்டேங்குதுண்ணா" என்றார். அதற்கு என்னிடம் பதிலில்லை.

அப்டேட் போட்டால் ஓடுகிற கணினியும் நின்றுவிடும் என்ற பயம் வேறு இருக்கிறது. அது வெறும் பயம் இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆனாலும் அந்த மாதிரி விபத்து அபூர்வம், அடைக்காத ஓட்டையைத் தேடி வருபவர்கள் தினமும் வருகிறார்கள். கோப்புகளை வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிட்டால் இரண்டு பயத்துக்கும் பாதி மருந்து கிடைத்துவிடும்.

அந்தத் தம்பியின் கணினியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். சுற்றுவட்டார ஊர்க்காரர்களின் ஆதார் நகல், ரேஷன் கார்டு, பட்டா, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கல்லூரிக்குப் போகும் பெண்ணின் சாதிச் சான்று. ஒரு கிழவி முதியோர் உதவித்தொகைக்காகத் தன் அத்தனை காகிதத்தையும் நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அதை ஸ்கேன் செய்த கோப்பு அந்தக் கணினியில்தான் கிடக்கிறது. அவளுக்கு விண்டோஸ் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அரசு தன் சேவைகளை அந்த மேசைக்கு நகர்த்தியது நல்ல காரியம். முன்பெல்லாம் ஒரு வருமானச் சான்றுக்கு எத்தனை நடை என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். சேவையை நகர்த்தியவர்கள் அந்தக் கணினியின் பாதுகாப்பையும் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அமெரிக்காவில் சிசா என்ற அமைப்பு 2021 நவம்பரிலிருந்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஆட்கள் உள்ளே நுழைந்துகொண்டிருப்பது உறுதியான ஓட்டைகள் மட்டும் அதில் இடம்பெறும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மத்திய அரசு அலுவலகங்கள் எந்தத் தேதிக்குள் அடைக்க வேண்டும் என்ற கெடு இருக்கும். நமக்கு செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு 2004-இலிருந்து இருக்கிறது. வான்னாக்ரை வந்தபோது உடனே எச்சரித்தது. இப்போதும் எச்சரிக்கைகள் வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனால் நான் பார்த்த எந்த இ-சேவை மையத்தின் சுவரிலும் 'இந்தத் தேதிக்குள் இந்த அப்டேட்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்ததில்லை. எச்சரிக்கை டெல்லியில் பிறந்து மேல்மலையனூருக்கு வருவதற்குள் எங்கோ நின்றுவிடுகிறது. தலைமைச் செயலகமே தப்பவில்லையே. 2021 செப்டம்பரில் அங்கிருக்கும் பொதுத்துறையின் கணினிகளைப் பூட்டிவிட்டு 1,950 டாலர் கேட்டார்கள். அவ்வளவு பெரிய அலுவலகத்தில் நடந்தது சந்தைத் தெருக் கடையில் நடக்காது என்று எப்படி நம்புவது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளைப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். கிராக் போட்டு அப்டேட்டை நிறுத்தி வைத்த கணினிக்கு அந்த வழியும் இல்லை. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் பழைய கணினிகள் பலவற்றை அது ஏற்காது, டி.பி.எம். 2.0 என்ற சிப் வேண்டும். ஆகவே வரும் மாதங்களில் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டையும் இந்தக் கணினிகளில் திறந்தே கிடக்கும்.

செய்யக்கூடியது ஒன்றும் பெரிதில்லை. தமிழ்நாடு மின் ஆளுமை முகமை இ-சேவை உரிமம் தரும்போதே ஒரிஜினல் இயங்குதளத்தையும் சேர்த்துத் தரலாம். மொத்தமாக வாங்கினால் விலை குறையும். தாலுகாவுக்கு ஒருவரைச் சம்பளத்தோடு இதற்கென்றே வைக்கலாம். மாத அப்டேட்டுக்கு அமாவாசை மறுநாள், அவசர அப்டேட்டுக்கு அதே இரவு என்று அவர் கடைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லட்டும், போடத் தெரியாதவருக்கு நேரில் போய்ப் போட்டுக் கொடுக்கட்டும். முதல் வேலையாக எந்த மையத்தில் எந்த விண்டோஸ் ஓடுகிறது, அப்டேட் கடைசியாக என்றைக்குப் போட்டது என்று ஒரு கணக்கு எடுக்க வேண்டும். ஓர் ஆளும் ஒரு பைக்கும் இருந்தால் போதும். அவலூர்பேட்டையில் தொடங்கினால் அடுத்த அமாவாசைக்குள் வளத்தி வரை முடித்துவிடலாம்.