ஓடி ஒளிய ஒரு தீவு

‘ஒரு நாளாவது இந்த இரைச்சலை விட்டுத் தொலைய வேண்டும்’ என்று சொல்லாத சிங்கப்பூர்க்காரரை நான் பார்த்ததில்லை. சொன்னவர்களில் பாதிப் பேர் போகிற இடம் புலாவ் உபின். சாங்கி முனைத் துறையில் 12 பேர் சேரும்வரை காத்திருந்தால், மோட்டார் படகு 10 நிமிஷத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். தகரக் கூரை வீடுகள், வாடகைச் சைக்கிள், இளநீர், காட்டுப் பன்றி! மாலையில் திரும்புகிறவர் முகத்தில் காசிக்குப் போய் வந்த களை. “மனிதன் கை படாத இயற்கை, ஸார்!” என்கிறார்.

நானும் அங்கே போகிறவன்தான், இன்னமும் போவேன். தீவின்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் ‘கை படாத’ என்ற பேச்சின்மேல்தான் கோபம்.

கை மட்டுமா பட்டது? உளி பட்டது, வெடிமருந்து பட்டது. 1851-இல் கட்டி முடிந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கருங்கல் இங்கிருந்துதான் போயிற்று. ஜோகூருக்குக் கடலில் பாதை போட்டபோதும் போயிற்று. எந்தப் பட்டணத்துக்குப் பயந்து ஓடி வருகிறோமோ, அதன் எலும்பு இந்தத் தீவிலிருந்து பெயர்த்தது. நாம் நின்று வியக்கிற நீல ஏரிகள், கல் வெட்டிய குழிகளில் தேங்கிய தண்ணீர். நாரைகள் பெருந்தன்மையோடு அங்கே கூடு கட்டியிருக்கின்றன. காடு என்று நாம் கும்பிடுவதில் பெரும்பகுதி, கைவிட்ட ரப்பர்த் தோட்டம்.

ஒரு காலத்தில் இங்கே 2,000 பேருக்குமேல் வாழ்ந்தார்கள். கல்லுடைப்பு குறைந்தது, பிழைப்புத் தேடி இளைஞர் கரையேறினர். 1985-இல் பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். 1999-இல் கடைசிக் கல்குவாரியும் நின்றது. இன்று மிச்சம் சில பத்துப் பேர். அநேகமாக எல்லாரும் வயோதிகர்கள். தண்ணீருக்குக் கிணறு. வெளிச்சத்துக்கு டீசல் எஞ்சினும் சூரிய ஒளித் தகடும். ஓர் ஊர் காலியானதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அமைதி!

2013-இல் 22 வீடுகளுக்கு ஒரு கடிதம் வந்தது. நிலம் முன்பே அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆகவே ‘அப்புறப்படுத்தும் திட்டம்’ என்று தலைப்பு. ஊரெங்கும் பரபரப்பு. யாரையும் வெளியேற்றும் உத்தேசமில்லை, உரிமம் பெற்று வாடகை கொடுத்துத் தங்கலாம் என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். நம்மவர்கள் அன்று என்ன சொன்னார்கள்? “ஐயோ, நம் கடைசிக் கம்பம் போய்விடுமே!” நம் கம்பமாம்! அந்தக் கிணற்றில் ஒரு வாளி இறைத்திருப்போமா?

“பட்டணத்தில் உழைத்துக் களைத்தவன் ஒரு நாள் காற்று வாங்கினால் குற்றமா?” என்று கேட்கலாம். குற்றமில்லை. ஆனால் காற்று வாங்கி வந்தவன் தீவுக்கு என்ன செய்தான் என்று நானும் கேட்பேன். அதே தீவின் கிழக்கு ஓரத்தில் செக் ஜாவா என்ற சேற்றுக் கரை இருக்கிறது. 2001-இல் அதை மண் கொட்டித் தூர்க்க ஏற்பாடாகியிருந்தது. சில ஆர்வலர்கள் கடல் வற்றிய நேரத்தில் சேற்றில் இறங்கி, நட்சத்திர மீனையும் கடற்புல்லையும் கணக்கெடுத்தார்கள், மற்றவர்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள், எழுதினார்கள். டிசம்பரில் அரசாங்கம் வேலையை ஒத்திவைத்தது. 2007-இல் அங்கே மரப்பாலம் போட்டுப் பார்வைக்குத் திறந்தார்கள். இன்று நாம் படம் பிடிக்கும் கரை, அன்று சேறு பூசிக்கொண்டவர்கள் மீட்டுத் தந்த கரை.

ஒத்திவைத்தார்கள் என்றேன், கைவிட்டார்கள் என்று சொல்லவில்லை. நிலம் தேவைப்படாத வரையில் என்பதே அன்றைய நிபந்தனை. கடலைத் தூர்த்து வளர்ந்த நாட்டுக்கு நிலம் எப்போது தேவைப்படாமல் இருந்தது?

ஆகவே போங்கள், இளநீரும் குடியுங்கள். ஆனால் அடுத்த முறை அங்கே ஒரு வரைபடத்தை விரித்து யாராவது கோடு போட வந்தால், ‘அமைதியாக இருந்தது, ஸார்’ என்ற சாட்சியம் செல்லாது. அங்கே என்ன முளைக்கிறது, யார் வசிக்கிறார்கள் என்று சொல்லத் தெரிந்தவனுடைய பேச்சுத்தான் செல்லும். அதைத் தெரிந்துகொண்டு திரும்புவதற்கும் படகுக் கூலி அதேதான்.