தங்கவயலுக்கு வீட்டுரிமை

கோலார் தங்கவயலின் சயனைடு மண்மேடுகளில் எஞ்சியிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. சுமார் ஆயிரம் ஏக்கரில் பரவிக் கிடக்கும் 13 மண்மேடுகள் இதில் அடங்கும். மண்ணுக்கு விலை பேசுவதில் தில்லியும் பெங்களூரும் உடன்பாட்டுக்கு வர முடிந்தது. அந்த மண்ணை வெட்டி மேலே கொண்டுவந்தவர்களின் குடும்பங்கள் வசிக்கும் வீடுகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியிலும் இந்த அவசரம் இருந்திருக்க வேண்டும்.

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கு சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆற்காடு, சித்தூர் பகுதிகளிலிருந்து ஆள் திரட்டப்பட்டது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த தமிழர்கள். கோரமண்டல், உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் என்று தண்டுகளைச் சுற்றி அவர்களுக்காக எழுந்தவையே லைன் வீடுகள். கூலி குறைவு, ஆனால் வீடு நிர்வாகத்தின் பொறுப்பு. வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சமும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். 1956-இல் மைசூர் அரசிடமும் 1962-இல் மத்திய அரசிடமும் சுரங்கங்கள் சென்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பிறந்தது. முதலாளிகள் மாறினார்களே தவிர, வீட்டுக்காரன் நிர்வாகம்தான் என்ற நிலை மாறவில்லை.

நலிந்த தொழில் நிறுவனங்களுக்கான வாரியத்தின் பார்வைக்கு 1992-இல் சென்ற அந்நிறுவனம், 2001 பிப்ரவரி 28-உடன் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்த ஊரில் ஊதியம் ஒரே நாளில் நின்றுபோனது. மக்கள் வீடுகளிலேயே இருந்துகொண்டார்கள். அவற்றைத் தங்கள் பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்பது அன்றிலிருந்து முன்னாள் தொழிலாளர்கள் விடாது எழுப்பி வரும் கோரிக்கை. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-இல் பெரும் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் இது. அவர்களின் வாரிசுகள் இன்று தங்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுங்கள் என்று தாங்களாகவே கேட்கிறார்கள்.

பத்திரம் இல்லாத வீடு நிழல் தரும், ஆனால் முதலாகாது. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில், பயனாளி தானே வீடு கட்டிக்கொள்ளும் பிரிவில் நிதி பெற மனை அவர் பெயரில் இருக்க வேண்டும். இடிந்த சுவரைப் பூசவும் கூடுதலாக ஓர் அறை எடுத்து வாடகைக்கு விடவும் சேமிப்பைச் செலவிட, நாளை வெளியேறச் சொல்வார்களோ என்று அஞ்சும் குடும்பம் தயங்கத்தான் செய்யும். தொழிலாளர் வைப்பு நிதி சார்ந்த ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகையோ 2014-இல்தான் மாதம் ரூ. 1,000 என்று நிர்ணயிக்கப்பட்டது. நுரையீரலில் சிலிக்கா தூசியுடன் ஓய்வுபெற்றவருக்கு அது மருந்துச் செலவுக்கும் காணாது.

அடுத்த தலைமுறையின் பிழைப்பு ரயிலில் இருக்கிறது. மாரிகுப்பத்திலிருந்து உரிகம், கோரமண்டல் வழியாகப் பங்காருபேட்டைக்குச் சென்று பெங்களூரை அடையும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் விடியலுக்கு முன் கிளம்பி இரவில் திரும்புகிறார்கள். பெங்களூரில் வாடகைக்குக் குடியேறினால் சம்பளத்தின் பெரும்பகுதி அதற்கே போய்விடும். தங்கவயலில் தங்கினால் நாளில் நான்கைந்து மணி நேரம் பயணத்தில் கழியும். லைன் வீடு அவர்களைத் தாங்கவும் செய்கிறது, கட்டிப்போடவும் செய்கிறது.

உரிமை வழங்க மறுப்போர் இரண்டு காரணங்களைச் சொல்வதுண்டு. நிலம் குறித்து மாநிலமும், நிறுவனத்தின் சொத்து குறித்து மத்திய அரசும் உரிமை கோருவதால் சிக்கல் என்பது ஒன்று. மண்மேடுகள் விஷயத்தில் தீர்ந்த சிக்கல் வீடுகள் விஷயத்தில் மட்டும் தீராது என்பது ஏற்கத்தக்கதல்ல. பட்டா கொடுத்தால் நிலத் தரகர்கள் அடிமாட்டு விலைக்கு வாங்கிவிடுவார்கள் என்பது மற்றொன்று. பெங்களூரின் வீக்கத்தைப் பார்த்தால் இந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அதற்கும் வழியிருக்கிறது. குடிசைவாசிகளுக்காக ஒடிசா 2017-இல் கொண்டுவந்த நில உரிமைச் சட்டத்தின்படி அந்த உரிமை வாரிசுகளுக்குச் செல்லும், விற்க முடியாது, வீட்டுக் கடனுக்கு அடமானம் வைக்கலாம்.

பட்டா கிடைத்தவுடன் வங்கிகள் வாசலில் வந்து நிற்கும் என்று நம்பவும் வேண்டாம். 1990-களில் தொடங்கி 12 லட்சம் நகர்ப்புறக் குடும்பங்களுக்கு உரிமைப் பத்திரம் வழங்கிய பெரு நாட்டில் தனியார் வங்கிக் கடன் பெரிதாகப் பெருகவில்லை என்று ஆய்வாளர்கள் கண்டனர். மாறாக, வீட்டைக் காவல் காக்கும் தேவை குறைந்ததால் பெரியவர்கள் வெளியே சென்று உழைத்த நேரம் கூடியது. அனுபவிப்பவருக்கு மட்டுமே புரியும் இந்த நிம்மதி அரசுக் கோப்புகளின் கணக்கில் வருவதில்லை.

பத்திரத்துடன் வருமானமும் சேர வேண்டும். மண்மேடுகளை ஏலம் எடுக்கும் நிறுவனம் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கு வேலையில் முன்னுரிமை தர வேண்டும் என்பதும், குடியிருப்புகளின் மீது தூசி பறக்காமல் தடுக்க வேண்டும் என்பதும் ஏல ஆவணத்திலேயே நிபந்தனைகளாக இடம்பெற வேண்டும். பின்னர் வேண்டுகோளாக வைத்தால் யாரும் செவிசாய்க்க மாட்டார்கள். பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். சுரங்கத் தொழிலாளி இறந்திருந்தால் மனைவியின் பெயரில். மத்திய சுரங்க அமைச்சகமும் கர்நாடக வருவாய்த் துறையும் கூட்டாக லைன் வீடுகளை அளந்து, குடியிருப்போர் பட்டியலை ஏலத்துக்கு முன்பே வெளியிடலாம். தங்கவயலின் குரல் எப்போதாவது ஒலிக்கும் மக்களவையில், அதற்கான தேதியைக் கேட்டுப் பெறுவது கோலார் தொகுதி உறுப்பினரின் கடமை.